கைமாற்று

ஃபோன் இப்போது வெறும் கடிகாரம்.
கடைசிக் கோபுரம் மறைந்து
நூற்று நாற்பது கிலோமீட்டர் ஆகிறது.
ரேடியோவில் ஒருவன் கம்பளி விலை சொல்லிக்கொண்டிருந்தான்,
கிலோவுக்கு என்றவன்
எண்ணைச் சொல்லுமுன் மணலாகிப் போனான்.

சாந்தா குரூஸின் சரளைச் சாலையில்
முதலில் காற்று ஓட்டும், அப்புறம்தான் நாம்.
நிறுத்தினால் வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்திருக்கவேண்டும்.
தெரியாமல் திறந்து
கதவையே பறிகொடுத்தவர்கள் உண்டு.
என் மைத்துனன் ரமீரோ ஒரு குளிர்காலம் முழுக்க
கதவிருந்த இடத்தில் செம்மறித் தோலைக் கட்டி ஓட்டினான்.

எதிரே வண்டி வந்தால்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்த்துவது இங்கே மரியாதை.
காலையிலிருந்து விரலுக்கு வேலையில்லை.

பக்கத்து சீட்டில், கம்பளிக் காலுறைக்குள்,
டான் எலெயூதேரியோவின் பல்செட்.
நாலு மாதமாக அந்த மனிதர்
கறி வேகும் வாசத்தை மட்டும் தின்றுகொண்டிருக்கிறார்.
பள்ளம் வரும்போதெல்லாம்
காலுறைக்குள் பற்கள் எதையோ மென்றன.

பண்ணைக்குத் தொண்ணூறு இருக்கையில் சூட்டு முள் ஏறியது.
பானெட்டுக்கடியில் நீராவி.
குழாயில் சுண்டுவிரல் நீள விரிசல்.
டியூப் துண்டும் கம்பியும் போட்டு இறுக்கினேன்.
தண்ணீர்க் கேனை
நேற்று கோழிகளுக்காக இறக்கிவைத்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

காத்திருந்தால் யாராவது வருவார்கள்.
இன்றைக்கா, வியாழக்கிழமையா
என்பதுதான் தெரியாது.
வேலியைத் தாண்டமுடியாமல் சிக்கிய குவானாக்கோ ஒன்று
போன வருஷத்துத் தோலோடு கம்பியில் தொங்கியது.
அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து யோசித்தேன்.
பிறகு வந்த வழியே நடந்தேன்,
இரண்டு கிலோமீட்டர்,
முழங்கால் உயரத் தகர மாடம் வரைக்கும்.

திஃபுந்தா கொர்ரேயா.
புருஷனைத் தேடிப் பாலையில் நடந்து
தாகத்தில் செத்தவள்.
செத்த பிறகும் முலை வற்றாமல்
மார்பில் கிடந்த பிள்ளை பிழைத்ததாம்.
அதனால் லாரிக்காரர்கள் நிறுத்தி
அவளுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள்,
நூறு நூற்றைம்பது வருஷம் தாமதமாக.

பாசி பிடித்த பாட்டில்கள், வெயிலில் சூம்பிய பாட்டில்கள்.
ஒன்றைத் திறந்து மோந்தேன். தண்ணீரில்லை.
எவனோ அவசரத்துக்கு நிரப்பியது.
மூடி, தூரமாக, அவள் கண்ணில் படாத பக்கம் வைத்தேன்.

எனக்குப் பக்தி கிடையாது.
ஆனாலும் கை கூசியது.
தாகத்தில் செத்தவளிடமா தண்ணீர் கேட்பது?
காற்றுக்கு மேலே கேட்கவேண்டுமே என்று
கத்தியே சொன்னேன்:
கைமாற்றுதான்.
மூன்று பாட்டில்.
திரும்பும்போது தந்துவிடுவேன்.
பேர் நேலிதா ஆந்திபான். மஞ்சள் பிக்கப்.
யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சொன்ன பிறகு சுற்றிப் பார்த்தேன்.
யாரைக் கேட்பாள்?

இரண்டு பாட்டில் ரேடியேட்டருக்கு.
மூன்றாவதில் பாதியை நான் குடித்தேன்,
அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

எலெயூதேரியோ காலுறையை வாங்கினார்.
நன்றி, கின்றி எதுவும் இல்லை.
ஒரு விலா எலும்பை எடுத்துக்கொண்டு
சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.
வெகுநேரம் முதுகு மட்டும் அசைந்தது.
கிளம்பும்போது அவரே பம்ப் அடித்து
மூன்று பாட்டிலையும் கழுத்துவரை நிரப்பித் தந்தார்.
எதற்கென்று கேட்கவில்லை.

திரும்பும்போது இருட்டு.
ஹெட்லைட்டில் சரளை, சரளை,
ஒரு முயல், மறுபடி சரளை.
மாடத்தைத் தாண்டிவிட்டேன் என்பது
தார் ரோடு தொடங்கியபோதுதான் தெரிந்தது.

சீட்டுக்கடியில் மூன்று பாட்டிலும் உருண்டன,
திருப்பத்துக்கு ஒரு தரம்,
கடன்காரி, கடன்காரி என்று.
வண்டியைத் திருப்ப பெட்ரோல் இல்லை.

தூரத்தில் ஒரு வெளிச்சம்.
இருபது நிமிஷம் அது வந்துகொண்டே இருந்தது,
லாரியாகி, இரைச்சலாகி, கடந்தது.
விரலை உயர்த்தினேன்.
இருட்டில் அவனும் உயர்த்தியிருப்பான்.
அவன் போகிற வழியில்தான் அவள் இருக்கிறாள்.
நிறுத்திச் சொல்லியிருக்கலாம்,
கொடுத்தனுப்பியிருக்கலாம்.

இது தோன்றியபோது
அவனுடைய சிவப்பு விளக்கு
கண்ணாடியில் ஒரு புள்ளி.